ஏழாம் எண் தகடு

அந்தத் தெருவில் அவளுடைய பெயர் யாருக்கும் தெரியாது. அளவுக்காரம்மா என்றால்தான் தெரியும். காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் மஞ்சள் தலைக்கவசமும் தோளில் துணிப்பையுமாக வருவாள். வரிசையாக ஒவ்வொரு கட்டடத்தின் சுவர் முன்னாலும் நின்று, மூக்கு உரசுகிற தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்ப்பாள். நோட்டில் ஒரு எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போய்விடுவாள். ஆரம்பத்தில் சிலர் பதறிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டையும் இடிக்கப் போகிறார்களா என்று கேட்டார்கள். இடியாமல் இருக்கத்தான் அளக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது.

நகரத்தின் நடுவே போகும் அந்தச் சாலை, பெரிய சந்திப்புக்குச் சற்று முன்னால் இரண்டு முறை முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்தத் திருப்பங்களில் மாதம் ஒரு விபத்தாவது நடக்கும். சாலையை நேராக்கி, அகலப்படுத்தி, அடியில் பெரிய மழைநீர் வடிகாலும் மின்கம்பிக் குழாய்களும் பதிப்பதென்று முடிவாகி, வேலை தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பதினான்கு கட்டடங்களின் முன்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவற்றின் காலடியில் மூன்று ஆள் ஆழத்துக்குப் பள்ளம். மண் சரியாமலிருக்க இரண்டு பக்கமும் இரும்புத் தகடுகளை அடித்து இறக்கி, குறுக்கே இரும்பு உத்திரம் கொடுத்திருந்தார்கள். பள்ளத்தின் அடியில் ஊறும் தண்ணீரை ஒரு பம்பு நாள் முழுக்க இறைத்து வெளியே கொட்டும். வேலைத்தள அலுவலகத்தின் வாசலில் ‘வேலை நிறைவு: 58 சதவீதம்’ என்று ஒரு பலகை. மாதக்கணக்கில் மாறாத அந்த எண்ணைத்தான் முதலில் சிமெண்டு வைத்துப் பூசியிருக்கிறார்கள் என்று தெருவே கேலி பேசியது.

பள்ளம் தோண்டினால் பக்கத்துக் கட்டடம் கொஞ்சம் அசையத்தான் செய்யும். எவ்வளவு அசைகிறது என்பதுதான் கேள்வி. அதற்காக, விரிசல் கண்ட சுவர்களில் எல்லாம் விரிசலின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகக் கண்ணாடி போன்ற இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று படிய ஒட்டியிருந்தார்கள். அடித்தகட்டில் மில்லிமீட்டர் கட்டங்கள். மேல்தகட்டில் மெல்லிய சிவப்புக் கூட்டல் குறி. விரிசல் விரிந்தால் குறி கட்டத்தில் நகரும். அப்படிப் பதினொரு தகடுகள். ஐந்து மில்லி வந்தால் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். பத்தைத் தொட்டால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. பத்தொன்பது வயதில், உயரம் அளக்கும் கோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கும் கூலியாளாக இந்த வேலைக்குள் வந்தவள். கோலை ஆடாமல் பிடிப்பது ஒன்றுதான் அன்றைக்கு வேலை. கருவிக்குப் பின்னால் நின்று பார்த்த சர்வேயருக்குக் கண் மங்கியபோது, அம்மா நீயே பார்த்துச் சொல் என்று அவர் விட்டுக்கொடுக்க, பார்க்கக் கற்றுக்கொண்டாள். இரண்டாவது குழந்தை பிறந்தபிறகு பரீட்சை எழுதித் தேறி, அளவுப் பதிவாளர் ஆனாள். ஒரு எண்ணைக் கூடக்குறைய, தோராயமாக, ஏறக்குறைய என்றெல்லாம் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. வீட்டிலும் அப்படித்தான். உப்புப் போடும்போதும் மில்லி பார்த்துப் போடுகிறாள் என்று கணவர் கிண்டல் செய்வார்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பதினேழாம் எண் பேருந்து. சாலை தோண்டப்பட்டதிலிருந்து அவருடைய வண்டி, அச்சகக் கட்டடத்தை ஒட்டிய சந்துக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும். லாரியும் பேருந்தும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயே ஆக வேண்டிய சந்து. பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்ட வீட்டில், சாயங்காலம் அவர் கால் கழுவிக்கொண்டே ஆரம்பிப்பார். இன்றைக்கு உங்கள் ரோட்டில் முக்கால் மணி நேரம் நின்றேன், உங்கள் ரோட்டில் ஒரு ஆள் என் கண்ணாடியை இடித்துவிட்டுப் போனான். திட்டத்தையே அவள்தான் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டதுபோல ‘உங்கள் ரோடு’ என்றுதான் சொல்வார். அவளும் விட்டுக்கொடுக்காமல், ரோடு நேரானால் முதலில் போகப்போவது உங்கள் வண்டிதான் என்பாள்.

பதினொரு தகடுகளில் பத்து ஒழுங்காக இருந்தன. ஏழாவதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஏழாம் தகடு அச்சகக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவரில் இருந்தது. மூன்று தளம். கீழே இரண்டு பெரிய அச்சு இயந்திரங்கள். முதல் மாடியில் ஒன்பது பெண்கள் உட்கார்ந்து புத்தகம் தைத்து ஒட்டும் கூடம். இரண்டாம் மாடியில் அச்சகக்காரரும் அவருடைய அக்காவும் குடியிருந்தார்கள். அக்காவுக்கு எழுபது வயதுக்கு மேல். கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் போய்விட்டதால் மாடியை விட்டு இறங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. கட்டடத்தின் முன்பக்கம் பன்னிரண்டு அடி வெட்டப்பட்ட நாளிலிருந்து அச்சகக்காரர் திட்டத்துக்காரர்கள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அளவுக்காரம்மாவை மட்டும், போகட்டும் என்று உள்ளே விடுவார்.

அந்தத் தகட்டில் சிவப்புக் குறி வாரத்துக்கு ஒரு மில்லி, ஒன்றரை மில்லி என்று நகர்ந்து நாலரைக்கு வந்து நின்றது. இன்னும் அரை மில்லி நகர்ந்தால் மேலே எழுத வேண்டும். எழுதினால் விசாரணை, ஆய்வு என்று ஒரு மாதமாவது வேலை நிற்கும். சைட் இன்ஜினியர் அன்று அவளைத் தனியே கூப்பிட்டார். முப்பத்திரண்டு வயதுப் பையன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. தொழிலாளி ஒருவனுக்குக் காலில் கம்பி ஏறியபோது தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவன். ஆனால் திங்கள்தோறும் நடக்கும் ஆய்வுக் கூட்டத்திலிருந்து அவன் திரும்பி வரும்போது முகத்தில் ஈயாடாது.

“மழையில பசை விட்டுப்போச்சுக்கா. தகடே வழுக்குது, அதான் நம்பர் தப்பா காட்டுது. புதுசு ஒட்டி சைபர்லேர்ந்து ஆரம்பிங்க” என்றான்.

பசை விடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒட்டியவளே அவள்தான். இருந்தும், ஒருவேளை விட்டிருக்குமோ என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டது பதிலுக்காக அல்ல, ஒரு சாக்குக்காகத்தான் என்பது அப்போதே உள்ளுக்குள் உறுத்தியது. இருபத்தேழு வருடத்தில் ஒரு மேலதிகாரியிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பழைய தகட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். பதிவேட்டில் சைபர் விழுந்தது. பழைய எண்ணை மட்டும் தன் சொந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், தேதி போட்டு, ‘ஏழு — 4.5’ என்று எழுதி வைத்தாள். எதற்காக எழுதினாள் என்று கேட்டால் அன்றைக்கு அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

புதிய தகட்டில் பதினான்கு நாளில் மூன்றரை மில்லி. அவள் மனதுக்குள் நாலரையைச் சேர்த்துக் கூட்டிப் பார்த்தாள், எட்டு. வெள்ளிக்கிழமை இன்ஜினியரிடம் போய் அந்த எட்டைச் சொன்னாள். அச்சு இயந்திரம் அதிர்கிற அதிர்வுதான் அது, திங்கட்கிழமைக் கூட்டம் முடியட்டும், நானே மேலே பேசுகிறேன் என்றான். அச்சகக்காரரிடம் இயந்திரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். பள்ளிக்கூடங்கள் திறக்க மூன்று வாரம் இருந்தது. பாடப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்த நேரம். உங்கள் பள்ளத்தை நிறுத்து, நான் என் மிஷினை நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிக்கொண்டார். நியாயமான பேச்சுதான் என்று அவளுக்கும் பட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏழாம் தகடு நாலு காட்டியது.

ஒரே நாளில் அரை மில்லி. அவள் நோட்டை மூடாமல் நின்றாள். மற்றத் தகடுகளைப் பார்த்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, பள்ளத்தின் பக்கம் வந்து பம்பு கொட்டும் தண்ணீரைப் பார்த்தாள். நேற்றுவரை அது தெளிந்த தண்ணீர். இன்று காப்பி நிறத்தில் வந்தது. கையில் ஏந்திப் பார்த்தாள். விரல்களுக்கிடையே நறநறவென்று மணல். தண்ணீர் தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும்தான் வருகிறது. கலங்கி வந்தால் எங்கிருந்தோ மண்ணையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அந்த மண் எதன் அடியிலிருந்து வருகிறது என்று நினைத்தபடி அச்சகக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

வேறு வேலைக்குப் போக மனமில்லாமல் பதினொரு மணிக்கு மறுபடி படிக்கட்டுக்கு வந்தாள். படிக்கட்டின் கீழேயிருக்கும் மரக்கதவு பாதி திறந்து தரையில் இறுகி நின்றது. தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. காலையில் அது சாதாரணமாகத் திறந்த கதவு. தகட்டின் முன்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஐந்தரை.

நாலரையும் ஐந்தரையும் பத்து.

பதிவேட்டுக் கணக்கில் அது வெறும் ஐந்தரைதான். தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் தீர்ந்தது. பத்து என்கிற எண் அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால், தான் செய்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்ஜினியருக்குப் போன் செய்தாள். அவன் நகரத்தின் மறுகோடியில் குழாய் வாங்கும் இடத்தில் இருந்தான். அவசரப்படாதீர்கள், அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன், நான் வரும்வரை யாரையும் கிளப்ப வேண்டாம் என்றான். அவள் சரி என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

பொக்லைன் ஓட்டுநரிடம் நிறுத்தச் சொன்னாள். சார் சொன்னால்தான் நிறுத்துவேன் என்று அவர் தலையைக்கூடத் திருப்பாமல் சொன்னார். அவள் கைநிறைய அந்தச் சேற்றுத் தண்ணீரை ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினாள். இருபது வருடம் மண்ணோடு புழங்கியவர். பார்த்த மாத்திரத்தில் இயந்திரத்தின் கையை மடக்கி, வண்டியைப் பள்ளத்தின் ஓரத்திலிருந்து பின்னால் நகர்த்திவிட்டு இறங்கி, அடியில் நின்ற நான்கு பேரையும் ஏணியில் ஏறி வரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

அச்சகத்துக்குள் இயந்திரங்களின் சத்தத்தில் காது அடைத்தது. அச்சகக்காரர் ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் உடனே வெளியே போக வேண்டும் என்றாள். அவர் கேட்டது ஒன்றுதான்: நம்பர் எவ்வளவு? ஐந்தரை என்றாள். பத்து வந்தால்தானே வெளியே போக வேண்டும் என்று உங்கள் ஆட்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், என்னைக் கிளப்பிவிட்டு மிச்சக் கட்டடத்தையும் இடிக்கலாம் என்று பார்க்கிறீர்களா என்று கேட்டுவிட்டு அவர் மறுபடி தாளைப் பார்க்க ஆரம்பித்தார்.

அவளுக்கு ஒரு நொடி, அரை மணி நேரம்தானே, இன்ஜினியர் வரட்டுமே என்றுகூடத் தோன்றியது. பிறகு அவர் கையிலிருந்த தாளைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“அண்ணே, அந்த நம்பர் பொய். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி தகட்டை மாத்தி சைபர் ஆக்கினேன். நான்தான் செஞ்சேன். பழசையும் சேர்த்தா இன்னிக்குப் பத்து.”

நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். அவர் அந்த எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடித்துவிடுவாரோ என்று அவளுக்கு இருந்தது. அவர் கையை உயர்த்தியது இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அழுத்தத்தான். ஒன்று நின்றது, அடுத்தது நின்றது. திடீரென்று விழுந்த அமைதியில், படிக்கட்டுச் சுவருக்குள்ளிருந்து உப்பைக் கொட்டுவதுபோல ஒரு மெல்லிய சரசரப்பு கேட்டது. அங்கே நின்ற எல்லோருக்குமே கேட்டது. அதன்பிறகு யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தையல் கூடத்துப் பெண்கள் ஒன்பது பேரும் இறங்கினார்கள். ஒருத்தி செருப்பை எடுக்கத் திரும்பப் போனாள். மற்றவர்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அச்சகக்காரர் அதற்குள் மாடிக்கு ஓடியிருந்தார். அக்காவைத் தனியாளாக இறக்குவது நடக்கிற காரியம் இல்லை.

அப்போதுதான் சந்தில் ஒரு மணல் லாரி கட்டடத்தை உரசுவதுபோலக் கடந்தது. தரை அதிர்ந்தது. தகட்டில் குறி அந்த அதிர்வில் நடுங்குவதைத் தன் கண்ணால் பார்த்தாள். சந்தில் வண்டிகளை நிறுத்தியாக வேண்டும். முனையில் கொடி பிடிக்கும் ஆள் எங்கேயோ போயிருந்தார். கொடி மட்டும் ஒரு டிரம்மில் செருகியிருந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு சாலைக்கு நடுவே போய் நின்றாள். இரண்டு சக்கர வண்டிகள் அவளை வளைத்துக்கொண்டு போயின. ஒரு கார்க்காரர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போனார். அவளுக்குப் பின்னால் இன்னொரு லாரி சந்துக்குள் நுழைய நின்றது.

எதிரே திருப்பத்தில் பதினேழாம் எண் பேருந்து வந்தது. அந்த நேரத்துக்கு அது வரும் என்று அவளுக்குத் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் கணவரின் முகம் தெரிந்ததும் கொடியை இரண்டு கையாலும் உயர்த்தினாள். பேருந்து நின்றது. ஜன்னலுக்குக் கீழே ஓடினாள்.

“என்னங்க, வண்டிய சந்துக்குக் குறுக்க போடுங்க. ஒரு வண்டியும் உள்ள போகக் கூடாது.”

“பயணிங்க இருக்காங்க. யாரு உத்தரவு?”

“யாருமில்ல. நான் சொல்றேன்.”

இருபத்துநாலு வருடத்தில் ஒரு புகார்கூட இல்லாத ஆள் அவர். வேலைப் பதிவேட்டில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது என்று உறவினர் வீட்டு விசேஷங்களிலெல்லாம் பெருமை பேசுவார். மனைவியின் முகத்தை அவர் பார்த்தது இரண்டு நொடி இருக்கும். பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, பேருந்தின் மூக்கு ஒரு பக்கத்து மின்கம்பத்தையும் வால் மறுபக்கத்துச் சுவரையும் தொட, சந்து வாயை அடைத்து நிறுத்தினார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பின்னால் ஹாரன்கள் காது கிழிய அலறின. எழுந்து சத்தம் போட்ட பயணிகளிடம், இறங்கி நடங்கள், இல்லையென்றால் இறங்கி உதவி செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்.

கண்டக்டரும் இரண்டு பயணிகளும் அவளோடு ஓடிவந்தார்கள். இரண்டாம் மாடியில் அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரை ஒரு மர நாற்காலியில் உட்கார வைத்து, போர்வையால் இடுப்போடு கட்டி, முன்னால் இருவர், பின்னால் இருவராகத் தூக்கினார்கள். படிக்கட்டு இரண்டு பேர் நெருக்கியடித்து இறங்குகிற அகலம்தான். திருப்பத்தில் நாற்காலியின் கால் சுவரில் சிக்கிக்கொண்டது. மேலேயிருந்து காரைத் தூள் எல்லோர் தலையிலும் உதிர்ந்தது. அச்சகக்காரர் திக்கித் திக்கி, தூக்கு, தூக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“நாலு வருஷமா கீழ போகணும்னு கேட்டேன்டா, தம்பி. அப்பல்லாம் நாற்காலி இல்லையா?” என்றார் அக்கா.

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவப் பார்த்தது. அளவுக்காரம்மா நாற்காலியின் காலைத் தன் தோளில் வாங்கி, உடம்பைச் சாய்த்து, திருப்பத்தைக் கடத்திவிட்டாள். தகட்டைத் தாண்டும்போது பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்தாள். குறி ஏழு மில்லியில் நின்றது.

பதினொன்று ஐம்பதுக்கு உள்ளே ஒரு ஆள் பாக்கியில்லை.

எல்லோரும் எதிர்ப்பக்கம் போய் நின்று கட்டடத்தைப் பார்த்தார்கள். கட்டடம் நின்றது. பன்னிரண்டேகால் ஆயிற்று, பன்னிரண்டரை ஆயிற்று, அப்போதும் நின்றது. ஒரு ஜன்னல் கண்ணாடிகூட விழவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நடந்து போன பயணி ஒருவர் போலீசுக்குச் சொல்லியிருக்க, போக்குவரத்துக் காவலர் வந்து பேருந்து டிரைவரிடம் உரிமத்தை வாங்கிக்கொண்டார். தையல் கூடத்துப் பெண்களில் ஒருத்தி, அப்படியானால் சாப்பாட்டுத் தூக்கையாவது எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டாள். விழுந்துவிட்டால் தேவலை என்று ஒரு கணம் அளவுக்காரம்மாவுக்குத் தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒருவர் வீடு அது.

இன்ஜினியர் வந்து இறங்கியபோது முகம் சிவந்திருந்தது. யாரைக் கேட்டு இதெல்லாம் என்று ஆரம்பித்தான். அவள் பம்பைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். இப்போது குழாயிலிருந்து வந்தது தண்ணீரே இல்லை, குழம்பு. அடுத்த நிமிடம் போனை எடுத்து, கிடைக்கிற மணல் லாரிகளையெல்லாம் வரச் சொன்னான். மாலை ஐந்தரை மணிவரைக்கும் கட்டடத்தின் முன்னாலிருந்த பள்ளத்தை மண்ணும் மணல் மூட்டையும் போட்டு மூடினார்கள். இரண்டு மாதம் தோண்டியது ஒரு மத்தியானத்தில் தூர்ந்து போனது. கடைசி மூட்டையை இன்ஜினியரே சுமந்து போட்டதைப் பார்த்ததாகப் பொக்லைன் ஓட்டுநர் பிறகு சொன்னார்.

பிறகு விசாரணை. மூன்று அதிகாரிகள் நீண்ட மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பசை விட்டுப்போனதால் தகடு மாற்றப்பட்டது என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருந்தான். அவளிடம் கேட்டபோது, பசை விடவில்லை, எண்ணை மறைக்கத்தான் மாற்றினேன், தெரிந்தே செய்தேன் என்றாள். யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டார்கள். அவள் நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். கடைசியில் இன்ஜினியர்தான் எழுந்தான்.

“நான்தான் சார் மாத்தச் சொன்னேன். அவங்க வெள்ளிக்கிழமையே எட்டுன்னு வந்து சொன்னாங்க” என்றான்.

அவனை வேறு திட்டத்துக்கு, கோப்பு பார்க்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவளுக்கு மூன்று மாதம் பணியிடை நீக்கம். தகட்டை மாற்றியதற்காக. அது சரியான தண்டனைதான் என்று அவள் யாரிடமும் மேல்முறையீடு செய்யவில்லை. அவள் கணவருக்கு மெமோ வந்தது. பயணிகளோடு பேருந்தைச் சாலையின் குறுக்கே நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டு. ‘மனைவி சொன்னாள், நிறுத்தினேன்’ என்று அவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்ததை டிப்போ முழுக்கப் படித்துச் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு மெமோ அவரை உள்ளுக்குள் அரித்தது. வீட்டில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

ஐந்தாவது வாரம், கட்டடத்தின் தரையில் துளை போட்டுப் பார்த்தார்கள். படிக்கட்டுக்கு நேர் கீழே, இரண்டு அடிக் காரைக்கு அடியில் வெற்றிடம். கம்பியை இறக்கினால் எட்டடிக்கு ஒன்றிலும் தட்டாமல் போனது. பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று உடைந்து, மண்ணையெல்லாம் அடித்துக்கொண்டு இரும்புத் தகடுகளின் இடைவெளி வழியாகப் பள்ளத்தில் கொட்டியிருக்கிறது. நான்கைந்து பேர் நிற்கலாம் அந்தக் குழியில் என்று துளை போட்டவர்கள் சொன்னார்கள்.

கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. மேலிருந்து கீழாகக் கையாலேயே பிரித்து இறக்கினார்கள். அச்சகத்தை ஊரின் வேறு பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். பாடப் புத்தகங்கள் ஒரு மாதம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. அளவுக்காரம்மா ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது, அச்சகக்காரர் வாசலிலேயே நின்று பேசினார்.

“பதினாலு நாள் நாங்க அதுக்குள்ள இருந்தோம். உனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது” என்றார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டாள்.

வேலையில் மறுபடி சேர்ந்தபோது சந்திப்புக்கு அப்பாலுள்ள பகுதியில் போட்டார்கள். அங்கே அவள் ஒரு புதுப் பழக்கத்தை ஆரம்பித்தாள். நோட்டில் எழுதும் எண்ணை, தகட்டுக்குப் பக்கத்தில் சுவரிலேயே பெரிதாக, தேதியோடு எழுதினாள். தகடு மாற்ற வேண்டி வந்தால் பழைய எண்ணை அடிக்காமல் மேலே விட்டு, கூட்டிய மொத்தத்தையும் எழுதினாள். புதிதாக வந்த இன்ஜினியர் இதெல்லாம் எதற்கு, ஜனங்கள் பயப்படுவார்கள் என்று அழிக்கச் சொன்னார். அழிக்க வந்த ஆளை வீட்டுக்காரர்களே விரட்டிவிட்டார்கள். நேராக்கிய சாலை ஒன்பது மாதம் தாமதமாகத் திறந்தது. பதினேழாம் எண் பேருந்து அதில் ஓடிய முதல் வாரம், ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, சிக்னலில்தான் தூங்க வேண்டியிருக்கிறது என்றார் கணவர்.

அடுத்த வருடம் ஒருநாள் அச்சகக்காரரின் அக்காவிடமிருந்து போன் வந்தது. இப்போது தரைத்தளத்தில் இருக்கிறோம், தெருவைப் பார்க்க ஜன்னல் இருக்கிறது, ஒரு நடை வந்துவிட்டுப் போ என்றார். தயங்கித் தயங்கித்தான் போனாள். கதவைத் திறந்தது அச்சகக்காரர். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனார். அக்கா அவளை உட்கார வைத்து, டிரைவர் எப்படி இருக்கிறார், பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

கிளம்பும் நேரத்தில் அச்சகக்காரர் கூப்பிட்டார். பின்னறைச் சுவரில், ஜன்னலின் மூலையிலிருந்து குறுக்காக ஓடிய ஒரு மெல்லிய கோட்டைக் காட்டினார். எப்போதிலிருந்து என்று அவள் கேட்டாள். நாலு மாதமாக என்றார். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், விரலை மடக்கித் தட்டிக் காது வைத்துக் கேட்டாள், வெளியே போய் மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு வந்தாள்.

“இது மேல்பூச்சுதான், அண்ணே. சுவர்ல ஒண்ணும் இல்ல.”

“நிச்சயமா?”

“நிச்சயமா.”

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, அச்சடித்து மிஞ்சிய ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“எழுதிக் குடு” என்றார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, முதலில் தேதியை எழுதினாள்.